துண்டுக்குள்ள மூணு வெரல்

சித்தெ நவுந்து உக்காருங்க தம்பி. ஆமாங்க, சந்தை முக்குல எறங்கோணும். நீங்க கடைசி வரைக்குமா? அப்ப நல்லதாப் போச்சு, பேசிட்டே போலாம். எனக்கு வாய மூடீட்டு வண்டில வர்றது ஆகாதுங்க. தரகுக்காரன் வாயி, அப்படித்தான் இருக்கும்.

அந்த முன்னாடி, பொம்பளைங்க பக்கத்துல, மடியில கம்ப்யூட்டர வெச்சுத் தட்டீட்டு இருக்குதல்லோ, நீலச் சேலை, அது என்ற மருமக. கோகிலவாணி. அதுக்குப் பக்கத்துல ஜன்னலோரமா வெத்தலை மென்னுட்டு வர்றது என்ற ஊட்டுக்காரி பாவாத்தா. ரெண்டு பேருத்தையும் நாந்தான் கூட்டீட்டுப் போறேன். சந்தைல இன்னிக்கு ஒரு பெரிய பேச்சு இருக்குதுங்க. நான் இல்லாம ஆகாது.

டிக்கெட்டப் பாருங்க. கண்டக்டரு என்கிட்ட மட்டுந்தான் காசு வாங்கினான். அவிய ரெண்டு பேருத்துக்கும் சும்மாவே கிழிச்சுக் குடுத்துட்டான். கவர்மெண்டே பொம்பளைங்களச் சும்மா ஏத்தீட்டுப் போகுது, ஆம்பளை காசு குடுத்துப் பின்னால உக்காந்துட்டுப் போகோணும். வருத்தமா ஒண்ணும் சொல்லலைங்க. கண்ணுல பட்டுது, சொன்னேன்.

உங்ககிட்ட டச்சு போனு இருக்குதல்லோ. அதுல 'சென்னியப்பன் சந்தை'ன்னு போட்டுப் பாருங்க. வந்துச்சா? தலைப்பாக் கட்டி, முறுக்கு மீசையோட ஒரு மூஞ்சி தெரியுதா? அது நாந்தான். மீசை மட்டும் கொஞ்சம் எச்சா வரைஞ்சு போட்டாங்க. அந்த மூஞ்சியத் தொட்டாத்தான் சந்தையே தொறக்கும். இன்னிக்கு எங்க பக்கத்துல மாடு வாங்கறவன், விக்கறவன் எவனா இருந்தாலும் என்ற மூஞ்சியத் தொடாம ஒண்ணும் பண்ண முடியாது. மாடு வெச்சிருக்கறவங்க மாட்டப் படம் புடிச்சு, நடக்க உட்டுப் படம் புடிச்சு, பல்லு, பாலு, எத்தனாவது ஈத்து எல்லாத்தையும் அதுல போட்டர்றது. வாங்கறவன் எங்கயோ உக்காந்துட்டுப் பாத்துக்கறது. புடிச்சுதுன்னா தரகுக்காரன் ஒருத்தன நடுவுல வெச்சுப் பேசி முடிச்சுக்கறது. கறவை மாட்ட வண்டில ஏத்தி, நாலு சந்தை அலைய உட்டு, மடி வத்தி ஊட்டுக்கு ஓட்டீட்டு வர்ற சோலியெல்லாம் இல்லை.

ரோசனை மருமகளுதுங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா கட்டுப்பாடு என்றது.

அவளும் என்ற பையன் நவநீதனும் பெங்களூர்ல வேலைல இருந்தாங்க. கொழந்தை பொறந்தப்பறம் இங்க வந்துட்டாங்க. அவன் திருப்பூர்ல ஒரு கம்பெனில கணக்குப் பாக்கறான். இவ ஒரு நாள் வந்து, மாமா, நான் ஒரு தொழில் பண்ணலாம்னு இருக்கறேன், மாட்டுத் தொழிலுன்னா. எங்க சாதி சனத்துல பொம்பளை மாட்டுக்குத் தண்ணி காட்டுவா, பாலு கறப்பா, சாணி அள்ளுவா. மாட்டு யாவாரம் பண்ண மாட்டா. நான் என்னத்தச் சொல்றது? அடியோட வேண்டாம்னா மொகம் வாடிப் போகுமேன்னு, கண்டிசன் போட்டேன். ஒண்ணொண்ணுக்கும் அவ சொன்னது ஒரே பேச்சுத்தான். "சரிங்க மாமா."

டவுன்ல ஆபீசு கீபீசுன்னு போகக் கூடாதுன்னேன். சரிங்க மாமான்னா. ஊட்டுக்குப் பொறகால தீவனங் கொட்டற கொட்டாய் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதைய வெள்ளையடிச்சு, ஏசி போட்டு, அங்கயே ஆபீசாக்கிப்போட்டா. வாடகை இல்லை. ஊட்டுக்குள்ள கண்ட ஆம்பளைப் பசங்க வந்துட்டுப் போகக் கூடாதுன்னேன். சரிங்க மாமா. வேலைக்குப் பூராப் பொண்ணுங்களா எடுத்துட்டா. சுத்துப்பட்டுல இஞ்சினியர் படிச்சுப்போட்டு, வேலைக்கு அனுப்ப மாட்டேன்னு அப்பனுங்க ஊட்டோட வெச்சிருந்தாங்கல்ல, அந்தப் பொண்ணுங்க. சென்னியப்பன் ஊட்டுக்குத்தான போறா, போகட்டும்னு அனுப்பிப்போட்டாங்க. எல்லாம் என்ற பேருக்கு இருக்கற மருவாதைங்க.

உன்ற பேரு வெளில வரக் கூடாதுன்னேன். அதனாலதான் என்ற பேரும் மீசையும். கடைசியா, சந்தைக்குள்ள நீ காலு வெக்கக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்கும் சரிங்க மாமாதான். காலு வெக்கலைங்க. மாடு சந்தைக்கு வர்றதுக்கு முந்தி ஊட்லதான இருக்குதுன்னு, அவங்க அத்தையக் கூட்டீட்டு ஊடு ஊடாப் போக ஆரம்பிச்சுட்டா. மாட்டப் பாக்கறது பொம்பளை. போட்டா எடுக்கறது பொம்பளை. சந்தைப் பக்கமே தலை காட்டலை. இத்தனை கட்டுப்பாட்டுக்குள்ள ஒரு கம்பெனி ஒழுங்கா நடக்குதுன்னா அதுக்குக் காரணம் யாரு, நீங்களே சொல்லுங்க.

பாவாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா மருமக ஒரு போனு வாங்கிக் குடுத்துப்போட்டா. அதுல எழுத வேண்டியதில்லையாமா, அமுக்கிப் புடிச்சுட்டுப் பேசுனாப் போகுதாமா. அதுக்கப்பறம் அவ வாயி மூடலைங்க. ஊருல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் அந்தப் போனுக்குள்ளதான் இருக்கறாங்க. மாட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சுன்னு ஒருத்தி, கன்னு போட்டிருக்குதுன்னு ஒருத்தி. எங்க தரகர் சங்கத் தலைவரு மாரப்பன் ஊட்டுக்காரி வேலாத்தா இருக்கறாளே, அவ காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்காப் பேசலைன்னாத் தூங்க மாட்டா. என்னதான் பேசுவாங்களோ. டீவி நாடகமா இருக்கும். நான் காது குடுக்கறதில்லைங்க.

இப்ப வெவகாரத்துக்கு வர்றேன். கம்பெனி நடக்கோணும்னா தரகர் சங்கம் ஒத்துக்கோணும். வெலைய முடிக்கறது தரகுக்காரன், அவன் வராம மாடு கை மாறாது. போனு வழியா முடியற ஒவ்வொரு மாட்டுக்கும் தரகுப் பணத்துல ஒரு பங்கு கம்பெனிக்கு. அந்தப் பங்கு எத்தனைன்னு சங்கத்தோட பேசி முடிக்கோணும். இதுக்கே ஒரு வருசம் ஓடிப்போச்சு. பையனும் மருமகளும் ஒரு கெடு வெச்சிருந்தாங்க. தை வரைக்கும் பாக்கறது, சங்கம் வல்லைன்னா இழுத்து மூடீட்டுப் பெங்களூருக்கே போயர்றதுன்னு. கொழந்தைக்கு அங்க பள்ளிக்கோடங் கூட விசாரிச்சு வெச்சிருந்தாங்க.

தன்யான்னு பேத்திங்க. பொழுதோட பள்ளிக்கோடத்துல இருந்து வந்ததும் பைய வீசிப்போட்டு என்ற மடியில வந்து உக்காந்துக்கும். அது போயிருச்சுன்னா அந்த ஊட்ல நானும் பாவாத்தாளும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். எனக்கு அதைய நெனைச்சாலே சோறு எறங்கலைங்க. யாருகிட்டயும் சொல்லலை. மருமக சந்தைத் தொழில் பண்றான்னு ஊருக்குள்ள சிரிச்சப்ப நானுஞ் சேந்து சிரிச்சவந்தான். ஆனா அந்தக் கம்பெனி நிக்கோணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டதும் நாந்தான்.

மாரப்பன் இருக்கறானே, எனக்குப் பங்காளி மொறை. நாப்பது வருசமா ஒரே சந்தைல எதிரும் புதிருமா நிக்கறோம். அவன் மூஞ்சிலடிச்சாப்டி சொல்லிப்போட்டான். "பொம்பளைகூட எப்புடிறா துண்டு போட்டுப் பேசறது?"

மாட்டுச் சந்தைப் பழக்கம் உங்களுக்கு இருக்குதுங்களா? இல்லையா. எங்குளுக்கு வெலையெல்லாம் வாயில இல்லைங்க. கையில. ரெண்டு பேரு கையக் கோத்துக்குவோம், மேல ஒரு துண்டப் போட்டு மூடிக்குவோம். துண்டுக்குள்ள வெரல்தான் பேசும். ஒரு வெரலப் புடிச்சா ஒண்ணு, மூணு வெரலப் புடிச்சா மூணு, பாதி வெரலுன்னா அரை. சுத்தி நூறு பேரு நின்னாலும் உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தனுக்குந் தெரியாது. உள்ள பேசுனத வெளில சொல்றதுமில்லை, அது தொழில் தர்மம். துண்டு போட்டு முடிச்சது கோர்ட்டுத் தீர்ப்பாட்ட, மாறாது. பத்திரத்துல கையெழுத்துப் போடறேன்னாலும் எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. இப்ப மாரப்பன் கேட்டதுலயும் நாயம் இருக்குதல்லோ. ஊரான் ஊட்டு மருமக கையத் துண்டுக்குள்ள புடிச்சுட்டு நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?

கோகிலா வந்து, மாமா, எனக்குப் பதுலா நீங்க கையக் குடுங்கன்னா. எத்தனைன்னு கேட்டேன். மூணுன்னா. நூத்துக்கு மூணு. அதுக்குக் கீழ போனாக் கம்பெனி ஓடாதாமா, மேல கேட்டாத் தரகுக்காரங்களுக்குக் கட்டுபடி ஆகாதாமா. "மூணே மூணுதானுங்க மாமா. மூணப் புடிச்சுட்டு வந்துருங்க." நான் சரின்னேன். எனக்குள்ள ஒரு சந்தோசமுங்க. தரகு உட்டு ரெண்டு வருசமாச்சு, மறுபடியும் சந்தைக்குள்ள துண்டோட போறமல்லோ.

சந்தையன்னிக்குப் போனேன். மாரப்பன் வந்தான். கூட்டங் கூடிப்போச்சு, நாங்க ரெண்டு பேரும் துண்டு போட்டா வேடிக்கை பாக்கறதுக்குன்னே வருவாங்க. கையக் கோத்தோம், துண்ட மூடுனோம். நான் இன்னும் வெரலையே எடுக்கலைங்க தம்பி, அந்த மடையன் எடுத்த எடுப்புல என்ற மூணு வெரலக் கப்புன்னு புடிச்சுட்டான்.

நாப்பது வருசத்துல அவன் மொதத் தடவைலயே நான் நெனைச்ச வெலையப் புடிச்சதே கெடையாது. நானும் மூணப் புடிச்சா முடிஞ்சுது. ஆனா எப்புடிங்க முடிக்கறது? கூட்டம் இப்பத்தான் கூடியிருக்குது. ஒருத்தன் பீடி பத்த வெக்கறான், இன்னொருத்தன் எட்டிப் பாக்கறதுக்குக் கல்லு மேல ஏறறான். துண்டு போட்ட சூடு ஆறறதுக்குள்ள முடிஞ்சு போச்சுன்னா என்னைய என்ன நெனைப்பாங்க? சென்னியப்பனுக்குக் கை போச்சும்பாங்க. அதனால நாலப் புடிச்சேன்.

நெசமாச் சொல்றேன், நாலு வேணும்னு புடிக்கலை. கைப் பழக்கம். அவனாவது கம்முனு மறுபடியும் மூணு புடிச்சிருக்கலாமல்லோ. அவனுக்குங் கைப் பழக்கம். ரெண்டுன்னான். நான் நாலுல நின்னேன். அவன் ஒண்ணுக்குப் போனான். நான் அஞ்சையும் புடிச்சேன். அவன் பாதி வெரலத் தொட்டான் பாருங்க, அரை. அது வெலை பேசறதில்லைங்க, வையறது. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. கையை உதறுனான், நானும் உதறுனேன். துண்ட எடுத்துத் தோள்ல வீசீட்டு வந்தேன். சந்தையே வாயப் பொளந்து பாத்துச்சு. ரெண்டு பேருத்துக்கும் மூணுதான் வேணும், மூணு இல்லாமப் பிரிஞ்சுட்டோம்.

பஸ்ஸுல வர்றப்பத்தான் பேத்தி நெனைப்பு வந்துச்சு. ஊட்டுக்கு வந்து, மாரப்பன் ரெண்டுக்கு மேல வல்லைன்னுட்டான்னு சொன்னேன். பொய்யில்லைங்க, அவன் ரெண்டுன்னு சொன்னாந்தான. நடுவுல நடந்ததத் துண்டுக்கு வெளில சொல்லக் கூடாதல்லோ. கோகிலா "சரிங்க மாமா"ன்னுட்டு உள்ள போயிட்டா. பையன் போன எடுத்துட்டு வாசலுக்குப் போய்ப் பெங்களூருக்குப் பேசிட்டு இருந்தான். பேத்தி என்கிட்ட வந்து, அப்பாரு, பெங்களூர்ல மாடு இருக்குமான்னு கேட்டுச்சு. நான் எந்திரிச்சுக் கட்டுத்தறிக்குப் போயிட்டேன். அழுகை வந்துருச்சுங்க. ஆம்பளை இதையெல்லாஞ் சொல்லக் கூடாது, சொல்லிப்போட்டேன்.

அப்பறம் என்னாச்சுன்னா, அடுத்த சந்தைக்கு மாரப்பனே ஆளனுப்பிச்சான். நான் போறேன், அவன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான். கைய நீட்டுனான். துண்டு போட்டோம். மூணப் புடிச்சான், நானும் மூணப் புடிச்சேன். முடிஞ்சு போச்சு. ஆனா கூட்டம் நின்னுட்டு இருக்குது பாருங்க. அதனால கைய எடுக்காம ரெண்டு பேரும் சும்மாவே நின்னோம். அவன் தலைய ஆட்டுனான், நான் மொறைச்சேன். அவன் பெருமூச்சு உட்டான், நான் வானத்தப் பாத்தேன். உள்ளுக்குள்ள வெரலு ஒண்ணும் பேசலை, வேர்த்துக் கெடந்துச்சு. கூட்டத்துக்குப் போதும்னு பட்டப்பறம் கைய எடுத்தோம். எல்லாருங் கை தட்டுனாங்க.

நான் அன்னிக்குத் துண்ட வீசுன வீச்சுல அவன் பயந்துட்டான். அதுதாங் காரணம்.

டீக்கடைல உக்காந்தப்ப அவங்கிட்டயே கேட்டுப் போட்டேன், எப்புடிறா நீ மொதல்லயே மூணப் புடிச்சேன்னு. அவன் டம்ளரப் பாத்துட்டே சொல்றான், வேலாத்தா மூணுன்னு சொன்னா, மூணு இல்லாம ஊட்டுக்கு வந்தாச் சோறில்லைன்னா, அன்னிக்கு நெசமாவே சோறு போடலைடான்னு. எனக்குச் சிரிப்பத் தாங்க முடியலை. சங்கத் தலைவரு, பொண்டாட்டி பேச்சக் கேட்டு வெலை பேசறான். நான் அப்படியெல்லாம் பொண்டாட்டி பேச்சக் கேக்கறவனில்லைங்க. எனக்கு மருமக சொன்னா. அது கம்பெனி, அது வேற.

எங்க சந்தை முடிஞ்சுது, பெங்களூரு தள்ளிப் போச்சு. ஆனா ஒரு சந்தை பத்தாதாமா. இப்ப நாம போறமே, இந்தச் சந்தையும் சேந்தாத்தான் கம்பெனி தன் கால்ல நிக்கும், இல்லைன்னா சித்திரைக்குள்ள மறுபடியும் பொட்டி கட்டோணும்னு கோகிலா சொன்னா. சரி, நாந்தான் இருக்கறனேன்னு துண்டத் தொவைச்சு வெச்சேன். அப்பத்தான் சொல்றா, இந்தச் சந்தைல தரகருங்களுக்கெல்லாந் தலை ஒரு பொம்பளைன்னு.

ருக்குமணியம்மான்னு பேரு. புருசன் தரகு பண்ணீட்டு இருந்தாரு, போய்ச் சேந்துட்டாரு. அந்தம்மா உடலை, எடத்தப் புடிச்சுட்டா. இத்தனை வருசமா வெலையச் சொல்றது அவ, துண்டுக்குள்ள கையக் குடுக்கறது அவ தம்பி. என்ன ஊரோ, நாங் கேள்விப்பட்டதே இல்லை. ஆனா ஒண்ணு, அந்தம்மா கௌரவமான பொம்பளைங்க. நான் துண்டோட வர்றேன்னு சொல்லியனுப்புனதுக்கு, ஆம்பளை கைய நான் தொடறதில்லைன்னு சொல்லிட்டா. சரி, அவ தம்பி கை இருக்குதல்லோன்னு நான் கேட்டதுக்கு, இந்த ஒரு பேச்சுக்குத் தம்பி கை வேண்டாம், இது பொம்பளை தொழிலு, நானே என்ற கையில பேசறேன், உங்க ஊட்டுப் பொம்பளையக் கூட்டீட்டு வாங்கன்னுட்டா.

இப்ப கோகிலா கையக் குடுக்கோணும். சந்தைக்குள்ள காலு வெக்கக் கூடாதுன்னு நாஞ் சொன்னது எங்க சந்தைய, இது வேற. அவளுக்கு வெரலுப் பேச்சுத் தெரியாது. மாமா, சொல்லிக் குடுங்கன்னு வந்து நிக்கறா. எப்புடிங்க சொல்லிக் குடுக்கறது? மருமக கைய மாமனார் தொடறதா? எங்க பக்கத்துல அந்தப் பேச்சே கெடையாது. பையனுக்குச் சொல்லிக் குடுத்து அவன் மூலியமாச் சொல்லலாம்னா அவன் திருப்பூர்ல இருந்து வர்றதுக்கே பொழுதாயிருது. நான் ரோசனை பண்ணிப் பாத்து, பாவாத்தாளக் கூப்புட்டேன். நீ வா, உன்ற கையில நான் புடிச்சுக் காட்டறேன், அதைய அப்படியே நீ அவ கையில புடிச்சுக் காட்டுன்னேன்.

பகல்லதானுங்க, கொட்டாய் ஆபீசுல. வேலைக்கு வர்ற பொண்ணுங்க அத்தனையும் வேலைய உட்டுப்போட்டு வேடிக்கை பாக்குது. நாப்பது வருசம் பொண்டாட்டி கைய நாலு பேருக்கு முன்னால புடிச்சதில்லைங்க நான். கூச்சமா இருந்துச்சு. கையக் கோத்துத் துண்ட மூடி, ஒரு வெரலப் புடிச்சு, பாவாத்தா, இது ஒண்ணுன்னு சொன்னேன்.

"தெரியுமுங்க"ன்னா.

ரெண்டப் புடிச்சேன். அவ அதுக்கும் முந்தி மூணுக்குப் போயிட்டா. நாலு, அஞ்சு, அரை, கால், எல்லாத்தையும் வரிசையாப் புடிச்சுக் காட்டீட்டு, வேண்டாம்னு சொல்றதுக்கு உள்ளங்கையில ஒரு சொறண்டு சொறண்டுவோம் பாருங்க, அதையுஞ் சொறண்டுனா. யாரு உனக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். அவங்கப்பன் கூடத் தரகுக்காரனில்லை, நெசவுக்காரரு.

அவ கம்முனு சிரிச்சுட்டுச் சொல்றா. "நீங்கதான். நாப்பது வருசமாத் தூக்கத்துல என்ற கையத்தான புடிச்சு வெலை பேசறீங்க."

பொண்ணுங்கெல்லாங் கொல்லுன்னு சிரிச்சுருச்சு. அவ உடலை. "மாரப்பண்ணன்கூடப் பேச்சு முறிஞ்ச அன்னிக்கு ராத்திரி நாலப் புடிச்சீங்க, அப்பறம் அஞ்சப் புடிச்சீங்க. தப்பு அவுருது மட்டுமில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். காத்தால வேலாத்தாளுக்குப் போன் போட்டு, ரெண்டுங் கெழடு பண்ணுன கூத்து இதுன்னு சொன்னேன்."

தம்பி, நீங்க சின்ன வயசு. உங்குளுக்கு இது வெளங்காது. நான் எத்தனை மாடு தரகு பண்ணியிருக்கறேன். எத்தனைக்கு முடிச்சேன், அதுல ஊட்டுக்கு எத்தனை சொன்னேன், மிச்சத்துல யாருக்கு என்ன வாங்கிக் குடுத்தேன், எல்லாம் எனக்கு மட்டுந் தெரிஞ்சதுன்னு நெனைச்சுட்டு இருந்தேன். பகல்ல வந்து ஒண்ணு சொல்லியிருக்கறேன், ராத்திரி அவ கையில வேற ஒண்ணச் சொல்லியிருக்கறேன். ரெண்டையுங் கேட்டுட்டு இத்தனை வருசம் ஒரு வார்த்தை கேக்காம எனக்கு மோரு ஊத்திக் குடுத்திருக்கறா அந்தப் பொம்பளை. நாந்தான் தரகுக்காரன்னு துண்ட மடிச்சுத் தோள்ல போட்டுட்டுத் திரிஞ்சேன்.

கோகிலா மட்டுஞ் சிரிக்கலை. அவங்க அத்தையவே பாத்துட்டு இருந்தா. அப்பறஞ் சொன்னா, மாமா, அத்தையே வந்து பேசட்டுமுங்களே, நான் கத்துக்கறதுக்குள்ள சித்திரையே வந்துரும்னு. நான் ஊட்டு மூத்த ஆம்பளையா நின்னு ரோசனை பண்ணிப் பாத்தேன். கடைசில என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? சரி மருமவளேன்னேன்.

ஆமாங்க. இன்னிக்குக் கையக் குடுக்கப் போறது அந்த வெத்தலைக்காரிதான். அப்ப நீங்க எதுக்குப் போறீங்கன்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க போங்க, பொம்பளைங்களத் தனியா அனுப்ப முடியுமுங்களா, ஒரு தொணை வேண்டாமா? பேச்சு முடிஞ்சுதுன்னா கொழந்தை எங்கயும் போகாது, என்ற மடியில வந்து உக்காந்துக்கும். யாரு கையில முடிஞ்சா எனக்கென்ன.

ஆனா அன்னிக்கு எனக்குக் கோவம் இருந்துச்சுங்க. ராத்திரி ரெண்டு கையையும் நெஞ்சு மேல கட்டி, இறுக்கிப் புடிச்சுட்டுப் படுத்தேன். இனிமேல் ஒரு வெலை உனக்குத் தெரியாதுடின்னு. அதுக்கடுத்த ராத்திரியும் அப்படியேதான். தூக்கம் வருமுங்களா, கையக் கட்டீட்டுப் படுத்தா? நேத்து வெளக்க அணைச்சு நெடு நேரங் கழிச்சு அவ குரல் வருது. "ஏனுங்க, கைய எங்க வெச்சிருக்கறீங்க?" நான் தூங்கறாப்ல கம்முனு கெடந்தேன். "இங்க குடுங்க. வெலை பேசாம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

குடுத்தேனுங்க. இருட்டுக்குள்ள சித்தெ நேரம் வெரலத் தடவிப் பாத்துட்டு, ஒரு வெலையப் புடிச்சா. அவ எத்தனை கேட்டான்னு மட்டுங் கேக்காதீங்க தம்பி, உள்ள பேசுனத நாங்க வெளில சொல்றதில்லை.